மின்னேரியா யானைகள்: ஒருநாள் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், ஹபரணையிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் வழியில் இருக்கிறது மின்னேரியாக் குளம். வறட்சி முற்றிய மாதங்களில் அதன் கரையில் காட்டு யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன. ஆசிய யானைகளை இவ்வளவு பெருந்தொகையில், இவ்வளவு திறந்தவெளியில் பார்க்க உலகில் வேறு இடம் கிடைப்பது அரிது. அங்கே போய்வர விரும்பும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அத்தனை யானைகள் ஏன் ஒரே குளத்துக்கு வருகின்றன?

தண்ணீர் குடிக்கத்தான் வருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் புல்.

மின்னேரியாக் குளத்தைக் கட்டியவன் மகாசேன மன்னன். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டவன். அம்பன் கங்கையின் தண்ணீரை எலஹெர கால்வாய் வழியாகக் கொண்டுவந்து நிறைக்கும் இந்தக் குளத்தின் பரப்பு, நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 4,670 ஏக்கர். குளத்தை நம்பி இன்றும் பெருமளவில் நெல் விளைகிறது. மே மாதம் தொடங்கி சிறுபோக, அதாவது வறட்சிப் பருவ நெல் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதே காலத்தில் மழையும் இல்லை. வயலுக்குப் போனது பாதி, வெயில் குடித்தது மீதி என்று குளம் வற்றத் தொடங்கும். தண்ணீர் பின்வாங்கிய ஈரத் தரையில் இளம்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடக்கும் ஓகஸ்ட் மாதத்தில், பல நூறு ஏக்கருக்குப் பச்சைப் புல் விரிந்திருப்பது குளத்துக்குள் மட்டும்தான்.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ வரை உண்ணும். அதற்கு வேறு போக்கிடம் ஏது? சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து சேர்கின்றன. பெண் யானைகள் கூடும் இடம் என்பதால் தனித்துத் திரியும் ஆண் யானைகளும் துணை தேடி வருகின்றன. நல்ல ஆண்டுகளில் ஒரே மாலையில் 200, 300 யானைகள் வரை கண்டிருக்கிறார்கள்.

நெல்லுக்காக மனிதன் வெட்டிய குளம், நெல்லுக்காகவே வற்றும்போது யானைக்கு மேய்ச்சல் நிலமாகிறது. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஜூலை முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை. அதிலும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள் உச்சம். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் குளம் நிறைந்து புல்வெளி மூழ்கிவிடும். காட்டுக்குள்ளேயே தழையும் தண்ணீரும் கிடைப்பதால் யானைகள் கலைந்துவிடும்.

மொரகஹகந்த அணை கட்டிய பிறகு யானைகள் வருவதில்லை என்கிறார்களே, உண்மையா?

வருகின்றன. ஆனால் முன்பு போல நிச்சயமில்லை. நிலைமையை உள்ளபடி சொல்வதென்றால் இதுதான்: மின்னேரியாவுக்குத் தண்ணீர் தரும் அம்பன் கங்கையில், மேலே மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் வறட்சிக் காலத்திலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வருகிறது. குளம் வற்ற வேண்டிய மாதத்தில் வற்றாமல் நிற்கிறது. குளம் வற்றவில்லை என்றால் புல்வெளி இல்லை. புல்வெளி இல்லையென்றால் யானைகள் வேறு இடம் தேடிப் போகும். அந்த வேறு இடம் பல வேளைகளில் யாராவது ஒரு விவசாயியின் தோட்டமாக இருக்கிறது.

விவசாயிக்கு நிறைந்த குளம் வேண்டும். அதில் தவறு சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பது மனிதர் கையில் இருக்கும் முடிவு. குறிப்பிட்ட சில வாரங்களுக்காவது நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் சில ஆண்டுகளாகவே கேட்டு வருகிறார்கள். அது நியாயமான கோரிக்கை. யானைக்கு மேய்ச்சல் கிடைத்தால் ஊருக்கும் நிம்மதி.

பயணம் போகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தேதி குறிப்பதற்கு முன் ஹபரணையில் யாரையாவது தொலைபேசியில் அழைத்து, “குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, புல்வெளி வெளியே தெரிகிறதா?” என்று கேளுங்கள். “யானை இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

மின்னேரியா, கவுடுல்லை, ஹுருலு என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றும் ஹபரணையைச் சுற்றியே இருக்கின்றன. யானைகளுக்கு இவை மூன்றும் ஒரே காடு. மின்னேரியா 1997-இல் தேசிய பூங்கா ஆனது. பரப்பு 8,889 ஹெக்டேயர். கவுடுல்லை 2002-இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் நடுவிலும் பழங்காலக் குளம் ஒன்று உண்டு. மின்னேரியாவில் நீர் ஏறும்போது யானைகள் கவுடுல்லைக் குளத்தங்கரைக்கு நகர்வது வழக்கம். இரண்டு குளங்களும் நிறைந்திருக்கும் மழைக்கால மாதங்களில் ஹுருலு காட்டுப் பூங்காவில் யானைகளைப் பார்க்கலாம். ஆனால் அங்கே பரந்த வெளி குறைவு. மானாப் புல்லும் புதரும் கலந்த நிலம். கூட்டமாகக் காண்பதைவிட ஒரு குடும்பத்தை அருகில் காண்பதற்கே அது ஏற்ற இடம்.

வீட்டிலிருந்தே “மின்னேரியாதான் வேண்டும்” என்று பிடிவாதமாகப் புறப்படாதீர்கள். ஜீப் ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள். நேற்று மாலை யானைகள் எங்கே நின்றன என்று கேட்டு அங்கே போங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருகோணமலையிலிருந்து ஹபரணை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நண்பகலுக்கு முன் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் வாழைச்சேனை, பொலன்னறுவை வழியாக வந்தால் ஹபரணையை எட்டும் முன்பே பூங்காவைக் கடக்க வேண்டியிருக்கும். ஜீப்காரரோடு முன்கூட்டியே பேசி வழியில் சந்திக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் வந்து, மரதன்கடவலவில் திரும்பி ஹபரணைக்கு வர வேண்டும். விடியற்காலையில் புறப்பட்டால் முடியும். ஆனால் திரும்பும் பயணம் நள்ளிரவைத் தொடும். கொழும்பும் அப்படித்தான், ஒரு வழிக்கே நான்கு, ஐந்து மணி நேரம். இந்த இரு ஊர்க்காரர்களும் ஹபரணையிலோ சீகிரியாவிலோ ஓர் இரவு தங்குவது உடம்புக்கு நல்லது. காலையில் சீகிரியாக் குன்று, மாலையில் யானை என்று ஒரு நாளை அமைத்துக்கொண்டால் அலுப்புத் தெரியாது.

பஸ்ஸில் வருவதும் எளிது. ஹபரணைச் சந்தி பெரிய சந்தி. கொழும்பு, திருகோணமலை, மட்டக்களப்பு பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன.

காலையில் போவதா, மாலையில் போவதா?

மாலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பகல் வெயிலில் யானைகள் மர நிழலில் ஒதுங்கி நிற்கும். மூன்று, மூன்றரை மணிக்கு மேல்தான் காட்டோரத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமாக வெளியே இறங்கும். பூங்கா மாலை ஆறு மணிக்கு மூடப்படும் என்பதால், மூன்று மணியளவில் வாசலைக் கடந்துவிடுவது சரியான கணக்கு. காலை நேரம் பறவை பார்க்கிறவர்களுக்கு உகந்தது.

ஜீப்பை எங்கே பிடிப்பது? எவ்வளவு கேட்பார்கள்?

ஹபரணைச் சந்தியிலும் பொலன்னறுவை வீதியோரத்திலும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தங்கும் விடுதிகளிலும் ஏற்பாடு செய்து தருவார்கள், சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகை எழுதுவதில் பயனில்லை. எப்படிக் கேட்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

செலவில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஜீப் வாடகை. இது வண்டிக்கானது, எத்தனை பேர் ஏறினாலும் ஒன்றுதான். மற்றது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு. அதில் தலைக்கு இவ்வளவு என்பதோடு வண்டிக் கட்டணமும் சேவைக் கட்டணமும் வரியும் சேரும். இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு அதிகமான வேறொரு கட்டணம். “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று மொத்தமாகச் சொன்னால், வாடகை எவ்வளவு, சீட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். சீட்டை நீங்களே வாங்கி ரசீதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையர் தேசிய அடையாள அட்டையையும் மற்றவர்கள் கடவுச்சீட்டையும் மறக்காமல் எடுத்துச்செல்ல வேண்டும்.

உள்ளே போனதும் என்ன பார்ப்போம்?

முதலில் காடு. மேடு பள்ளமான செம்மண் பாதையில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போகும். முகத்தில் கிளை அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று மரங்கள் முடிந்து வெளி திறக்கும். தூரத்தில் குளத்து நீர், இப்பக்கம் பச்சைத் தரை, அதில் பழுப்பும் சாம்பலுமாக யானைகள்.

எண்ணத் தொடங்காதீர்கள். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் அதையே பாருங்கள். குளத்தில் முளைக்கும் புல் குட்டையானது. துதிக்கையால் சுற்றிப் பிடுங்க முடியாது. அதனால் யானை தன் முன்கால் நகங்களால் புல்லின் அடியை உதைத்து உதைத்துத் தளர்த்தும். தளர்ந்ததைத் துதிக்கை நுனியால் கூட்டி ஒரு பிடியாக்கும். அந்தப் பிடியை முன்காலில் இரண்டு மூன்று தட்டுத் தட்டி மண்ணை உதிர்க்கும். பிறகுதான் வாய்க்குள் போகும். மண்ணோடு தின்றால் பல் தேயும் அல்லவா? உதை, கூட்டு, தட்டு, வாய் என்று அந்தத் தாளம் மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். அருகில் நிற்கும் குட்டி அதைப் பார்த்துத் தானும் உதைக்கும். புல் வராது. தாய் உதிர்த்ததைப் பொறுக்கப் பார்க்கும். பிறந்து சில மாதமே ஆன குட்டிக்குத் துதிக்கை இன்னும் வசப்பட்டிருக்காது. தண்ணீர் குடிக்க வாயையே நீரில் வைக்கும்.

கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. அது திரும்பினால் எல்லாம் திரும்பும். சிறு குட்டிகள் எப்போதும் பெரியவற்றின் கால்களுக்கு நடுவில்தான் இருக்கும். தனியே வரும் ஆண் யானை ஒவ்வொரு பெண் யானையாக அணுகி, துதிக்கை நுனியால் தொட்டு, அதைத் தன் வாய்க்குள் கொண்டுபோய் மணம் அறிந்து பார்ப்பதையும் காணலாம். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரிந்தால் ஓட்டுநரே வண்டியைத் தள்ளி நிறுத்துவார்.

கொம்பன் யானைகளைப் பார்க்க முடியுமா?

பார்த்தால் பெரும்பேறு. முதுமலை, வால்பாறைப் பக்கத்து யானைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் “ஆண் யானையே இல்லையா?” என்று கேட்பதுண்டு. தென்னிந்தியாவில் ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் உண்டு. இலங்கையில் நிலைமை தலைகீழ். நூறு ஆண் யானைகளில் பத்துக்குக்கூடத் தந்தம் இருக்காது. பல நூற்றாண்டுகளாகத் தந்தமுள்ளவற்றையே பிடித்ததும் கொன்றதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தந்தமில்லாத ஆண் யானையைத் தலையின் பருமனாலும் அகன்ற துதிக்கை அடியாலும் அடையாளம் காணலாம்.

எவ்வளவு அருகில் போகலாம்?

யானை தன் வேலையை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கினால் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள் என்று பொருள். மேய்ச்சல் நின்றுவிடும். காது விசிறுவது நின்று இரண்டு காதும் விரிந்து நிற்கும். தலை உயரும். சில யானைகள் துதிக்கையைத் தரையில் அறைந்து வெற்றுப் பீப்பாயைத் தட்டுவது போன்ற ஓர் ஒலி எழுப்பும். பெண் யானைகள் நெருங்கி நின்று குட்டிகளை நடுவில் மறைக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் பின்வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம்: யானைகள் காட்டிலிருந்து தண்ணீருக்குப் போகும் வழியில் ஜீப்பை நிறுத்தக் கூடாது. உச்சக் காலத்தில் பல பத்து ஜீப்புகள் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும். எல்லாம் ஒரு குடும்பத்தைச் சூழ்ந்துகொண்டால், அந்தக் குடும்பம் மேயாமல் காட்டுக்குத் திரும்பிவிடும். காய்ந்த காட்டில் அதற்கு இரையில்லை. நம் படத்துக்காக ஒரு தாயும் குட்டியும் பட்டினி கிடக்க வேண்டுமா?

ஓட்டுநர் நெருக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது?

சொல்லுங்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் நல்லவர்கள். பயணி அருகில் போக விரும்புவார், மகிழ்ந்தால் கூடக் கொடுப்பார் என்ற எண்ணத்தில்தான் நெருங்குகிறார்கள். புறப்படும் முன்பே “எங்களுக்கு அவசரமில்லை, தூரத்தில் நின்று பார்த்தால் போதும்” என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தமிழ் புரியாத ஓட்டுநரிடம் “லங்கட்ட யன்ன எப்பா” என்றால் போதும். கிட்டே போக வேண்டாம் என்று பொருள். “ஹெமின் யன்ன” என்றால் மெதுவாகப் போங்கள். சொன்னபடி நடந்துகொண்டவருக்குத் திரும்பும்போது தாராளமாகக் கொடுங்கள். அடுத்த பயணியிடமும் அப்படியே நடந்துகொள்வார்.

யானையைத் தவிர வேறென்ன உண்டு?

பறவைகள் ஏராளம். மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் நீரோரத்தில் வரிசைகட்டி நிற்கும். நீர்க்காகங்கள் பெருங்கூட்டமாக எழுந்து பறக்கும்போது வானத்தில் கோடு இழுத்தது போலத் தெரியும். புள்ளிமான், மரை, எருமை, முதலை ஆகியவையும் உண்டு. இலங்கைக்கே உரிய காட்டுக்கோழியைப் பாதையோரத்தில் பார்க்கலாம். சிறுத்தை இருக்கிறது, ஆனால் அதை எதிர்பார்த்து இங்கே வராதீர்கள்.

சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். வண்டிக்குள் எழுந்து நிற்கும்போது மட்டும் அவர்களை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் குலுக்கல் ஆகாது. மூன்று மணி நேரம் வண்டியை விட்டு இறங்க முடியாது என்பதால் உள்ளே போகும் முன்பே கழிப்பறைக்குப் போய்விடுவது நல்லது.

எதை எடுத்துச்செல்ல வேண்டும்?

தண்ணீர், தொப்பி, புழுதிக்கு மூக்கைக் கட்ட ஒரு துணி. தொலைநோக்கி இருந்தால் கட்டாயம். கடும் நிறச் சட்டைகளையும் வாசனைத் தைலங்களையும் தவிருங்கள். பிளாஸ்டிக் பை, தின்பண்ட உறை எதுவும் உள்ளே விழக் கூடாது. ஹபரணைப் பக்கத்துக் குப்பைமேடுகளில் யானைகள் பையோடு சேர்த்துச் சோற்றைத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

வீதியோரத்தில் நிற்கும் யானைக்குப் பழம் கொடுத்தால் என்ன?

கொடுக்கவே கூடாது. அன்பால்தான் கொடுக்கிறார்கள், தெரியும். ஆனால் வாழைப்பழத்துக்குப் பழகிய யானை அடுத்த வண்டியையும் மறிக்கும். கொடுக்காத வண்டியின் கண்ணாடிக்குள் துதிக்கையை விடும். பிறகு அதற்கு ஆபத்தான யானை என்று பெயர் வைத்து விரட்டுவார்கள். 2011-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023-இல் மட்டும் 400-க்கும் மேற்பட்டவை இறந்தன. துப்பாக்கிச் சூடு, மின்சாரம், தீனியில் மறைத்து வைக்கும் வெடி என்று மனிதரோடான மோதலே அவற்றில் பெரும்பங்குக்குக் காரணம். யானையால் உயிரிழக்கும் மனிதர்களும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேல். வீதியோரப் பழக்கம் இந்தப் பகையைத்தான் வளர்க்கிறது.

யானைச் சவாரி செய்யலாமா?

வேண்டாம். ஹபரணை, சீகிரியாப் பக்கத்தில் வளர்ப்பு யானையின் முதுகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். கொளுத்தும் வெயிலில் தார்வீதியில் சங்கிலியோடு நடக்கும் யானையைப் பார்த்த கையோடு மின்னேரியா வெளியைப் பார்த்தால், ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது விளங்கும்.

திரும்பும்போது கவனிக்க வேண்டியது என்ன?

இருட்டிய பிறகு ஹபரணையைச் சுற்றியுள்ள எல்லா வீதிகளிலும் யானைகள் குறுக்கிடும். திருகோணமலை வீதியில் காடு இருபுறமும் வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கரிய உடம்பு, கரிய தார். விளக்கொளியில் கடைசி நேரத்தில்தான் தெரியும். மெதுவாகப் போங்கள். ஒன்றைக் கண்டால் பின்னால் இன்னும் சில வரும் என்று எதிர்பார்த்துத் தள்ளி நில்லுங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், முகத்தில் விளக்கைப் பாய்ச்சாதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். ரயில் பாதையிலும் இதே சிக்கல்தான். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும். அதற்காகப் பூங்காவை விட்டு அரைமணி நேரம் முன்னதாக வர நேர்ந்தாலும் தயங்காதீர்கள்.